ஹட்ச் நாயோட மூக்கு எங்கே போச்சு?

இன்னைக்கு எபிசோட் ஒரு மூக்கோட வரலாறு.

2003-ல வந்த ஹட்ச் விளம்பரத்தை யூடியூப்லயாவது பார்த்திருப்பீங்க. ஒரு சின்னப் பையன் போற இடமெல்லாம் பின்னாடியே ஓடுமே ஒரு நாய், அதுதான் பக். அந்தப் பேர்கூட தெரியாம "ஹட்ச் நாய் வேணும்"னு கேட்டு வாங்கினவங்க நம்ம ஊர்ல நிறைய பேர். கம்பெனி வோடஃபோனா மாறினதும் அது வோடஃபோன் நாயாச்சு. எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு. பேரு சீடை, வயசு ஆறு. அவன் விடுற குறட்டை பக்கத்து ரூம் வரைக்கும் கேட்கும். வர்றவங்க எல்லாம் "அய்யோ, க்யூட்!"னு சிரிப்பாங்க. எனக்கு அந்தச் சத்தம் எங்கிருந்து வருதுன்னு தெரியணும். அதைத் தேடிப் போனா, அது சில நூறு வருஷம் பின்னாடி கொண்டு போய் விடுது.

பக்கோட பூர்வீகம் சீனா. வியாபாரக் கப்பல்கள் வழியா ஐரோப்பாவுக்கு வந்து, நெதர்லாந்துல செல்லப்பிள்ளை ஆயிடுச்சு. அங்க ஒரு பிரபலமான கதை உண்டு. 1572-ல ஸ்பெயினுக்கு எதிரான போர்ல, ஆரஞ்சு இளவரசர் வில்லியம் எர்மினி என்ற இடத்தில் கூடாரம் போட்டிருந்தார். ராத்திரி எதிரிப்படை உள்ளே புகுந்துடுச்சு. காவலர்களுக்கு முன்னாடி முழிச்சுக்கிட்டது அவரோட குட்டி நாய்தான். பிறாண்டி, குரைச்சு, கடைசியில அவர் முகத்து மேலேயே குதிச்சு எழுப்பிச்சாம். ரோஜர் வில்லியம்ஸ் என்ற வேல்ஸ் நாட்டுப் போர்வீரர் இதை எழுதி வச்சிருக்கார். அந்த நாய் பக் தான்னு பக் பிரியர்கள் அடிச்சுச் சொல்வாங்க. எனக்கு அதில் சந்தேகம் உண்டு. டெல்ஃப்ட் நகரத்துல வில்லியமோட கல்லறையில, அவர் காலடியில ஒரு நாய் சிலை இருக்கு; அதைப் பார்த்தா பக் மாதிரியே இல்லை. எப்படியோ, கதை நின்னுடுச்சு. பக் ஆரஞ்சு அரச குடும்பத்தோட அடையாளமாச்சு. 1689-ல அந்தக் குடும்பத்து இன்னொரு வில்லியம் இங்கிலாந்துக்கு ராஜாவானப்போ, பக்குக்கும் அங்க மவுசு வந்துடுச்சு.

இப்போ ஒரு படத்தைத் தேடிப் பாருங்க. வில்லியம் ஹோகார்த் என்ற ஆங்கில ஓவியர் 1745-ல தன்னையும் தன் பக்கையும் சேர்த்து வரைஞ்சது. நாயோட பேரு டிரம்ப் (சிரிக்காதீங்க, அது அப்பவே வச்ச பேரு). அந்த டிரம்புக்கு மூக்கு இருக்கு! முகத்தை விட்டு நல்லா முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கு. சீடையைப் பக்கத்துல நிறுத்தினா ரெண்டும் ஒரே இனம்னு சொல்லவே முடியாது.

அப்போ நடுவுல என்ன ஆச்சு? நாய்க் கண்காட்சி வந்துச்சு. 1859-ல இங்கிலாந்தின் நியூகாஸில் நகரத்துல ஒரு போட்டி, 1873-ல கென்னல் கிளப். நாய் என்ன வேலை செய்யுதுங்கிறதை விட, எப்படி இருக்குங்கிறதுக்குப் பரிசு. தட்டையான முகம் குழந்தை முகம் மாதிரி தெரியும், பார்த்ததும் மனசு இளகும். அந்த முகத்துக்கு மவுசு கூடக் கூட, அப்படிப்பட்ட நாய்களையே சேர்த்து இனப்பெருக்கம் செஞ்சாங்க. யாரும் கெடுதல் நினைச்சு செய்யலை. ஆனா தலைமுறைக்குத் தலைமுறை எலும்பு சுருங்கிச்சு. உள்ளே இருக்கிற சதை அந்த அளவுக்குச் சுருங்கலை. மேலண்ணத்தின் பின்பக்க மென்மையான சதை மூச்சுக்குழல் வாசலை மறைச்சு தொங்குது, மூக்குத் துவாரமோ வெறும் கோடு. குறட்டைக்குக் காரணம் இதுதான்.

நாய்க்கு நம்மளை மாதிரி உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைச்சுத்தான் சூட்டை வெளியே தள்ளணும். அந்த வழியே அடைச்சிருந்தா சென்னை மே மாசத்தை எப்படித் தாங்கும்? 2012-ல பிரிட்டனில் வந்த ஒரு ஆய்வுல, மூச்சுக் கோளாறு இருந்த நாய்களோட உரிமையாளர்களில் பாதிக்கு மேல, "என் நாய்க்கு மூச்சுப் பிரச்சினையே இல்லை"ன்னு சொன்னாங்க. இந்த இனம்னா இப்படித்தான்னு எடுத்துக்கிறோம். என்னை ரொம்ப உலுக்கினது இந்தத் தகவல்தான்.

பக்கை அரச அடையாளமா வச்சிருந்த அதே நெதர்லாந்துலதான் 2019-ல ஒரு கடுமையான விதி வந்துச்சு. மூக்குப் பகுதி தலையோட நீளத்துல மூணுல ஒரு பங்காவது இல்லைன்னா, அந்த நாயை வச்சு இனப்பெருக்கம் செய்யக் கூடாது. சீடையை அளந்து பார்த்தேன். பக்கத்துலகூட வரலை.

அவனுக்கு வாக்கிங் காலையில ஆறரைக்குள்ள முடிஞ்சுடும். கழுத்துப்பட்டை கிடையாது, நெஞ்சைச் சுத்திப் போடுற வார்தான். முக மடிப்பைத் தினமும் ஈரத்துணியால துடைச்சு, உடனே காய வைக்கணும், இல்லைன்னா புண்ணாயிடும். எடை கூடினா மூச்சு இன்னும் திணறும், அதனால தட்டுல இருந்து யாரும் எதுவும் நீட்டக் கூடாதுன்னு வீட்ல சட்டம். பாட்டி மட்டும் மதிக்கிறதில்லை. நாக்கு நீலம் பாய்ஞ்சாலோ, நிழல்ல படுத்த பிறகும் இரைப்பு அடங்கலைன்னாலோ, காத்திருக்காம டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடணும். மூக்குத் துவாரத்தை அகலமாக்க ஆபரேஷன் இருக்கு. சீடைக்கு அடுத்த மாசம் தேதி கொடுத்திருக்காங்க.