உப்பும் வங்கியும்

கரணவாயிலும் வெள்ளப்பரவையிலும் விளைந்த உப்பை மரக்கலங்களில் ஏற்றிச் செல்லும் பொருட்டு, குலோத்துங்க சோழனின் தளபதி கருணாகரத் தொண்டைமான் வெட்டுவித்த கால்வாயே தொண்டைமானாறு என்பது யாழ்ப்பாணத்தில் வழங்கிவரும் ஐதிகம். அதன் உண்மை எவ்வாறாயினும், உப்பு விளைந்த இடத்தைத் தேடி அரசு வந்தது என்னும் செய்தி அதனுள் பொதிந்துள்ளது. பிரித்தானியர் ஆட்சியிலும் உப்பு அரசின் ஏகபோகமாயிற்று. தன் வாசலருகே கடனீரேரியில் தானாக விளைந்த உப்பை அனுமதியின்றி அள்ளுவது குற்றமாயிற்று. உப்பு, நெல், சாராயம், இறக்குமதி அரிசி ஆகியவற்றின்மீது திரட்டப்பட்ட பணமே குடியேற்ற அரசின் திறைசேரியைப் பெரிதும் நிரப்பியது.

நெருக்கடி நேர்ந்தபோது அத்திறைசேரி யாருக்குக் கைகொடுத்தது?

1869இல் இலங்கைக் கோப்பித் தோட்டங்களில் இலைநோய் காணப்பட்டது. பதினைந்து ஆண்டுகளுக்குள் அத்தொழில் சரிந்தது. தோட்டத்துரைமாருக்குக் கடன் வழங்கியிருந்த ஓரியண்டல் வங்கி 1884 மே மாதத்தில் கதவடைத்தது. அந்நாளில் நாணயத்தாளை வெளியிட்டவை தனியார் வங்கிகளே. புழக்கத்திலிருந்த தாள்களிற் பெரும்பகுதி இவ்வங்கியினுடையது. தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன் அத்தாள்களுக்கு அரசின் பெயரால் பிணை நின்றார்.

இச்செயலை முற்றாகப் பழிப்பது நேர்மையாகாது. தாளைக் கையில் வைத்திருந்த எளியவனும் அதனால் காக்கப்பட்டான். மேலும், அவ்வாண்டே சட்டம் இயற்றப்பட்டு, நாணயத்தாள் வெளியிடும் உரிமை அரசின் கைக்கு மாறியது. பொதுப்பணம் பிணை நின்றால் பொது அதிகாரம் பெருகவேண்டும் என்னும் நெறி, குடியேற்ற ஆட்சியிலேயே ஓரளவு ஒப்புக்கொள்ளப்பட்டது.

ஆனால் அதே 1880களில், நுவரெலியா மாவட்டத்து வலப்பனையில், நெல்வரி செலுத்த இயலாத உழவர்களின் வயல்கள் ஏலத்தில் விற்கப்பட்டன. நிலமிழந்தோர் பட்டினியால் மடிந்தனர். வங்கியின் தாளுக்கு விரைந்து வந்த பிணை, உழவனின் வயலுக்கு வரவில்லை. நெல்வரி ஒழிவதற்கு 1890களின் தொடக்கம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இது பழங்கதை அன்று. 2008இல் அமெரிக்கா தன் நிதி நிறுவனங்களைக் காக்க 70,000 கோடி டொலர்வரை ஒதுக்கியது. அந்நாட்டில் வீடிழந்த குடும்பங்களோ பல இலட்சம். இலங்கை 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை நிறுத்தியது. அவ்வாண்டு ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. சிறு படகில் கடலுக்குச் செல்லும் வடமராட்சி மீனவன் எந்தப் பன்னாட்டுக் கடன்பத்திரத்தில் கையொப்பமிட்டான்?

2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் கடனுக்கு இசைந்தது. உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின்போது, வைப்பாளரைக் காக்கவேண்டும் என்று கூறி, வங்கிகளின் ரூபாத் திறைசேரி முறிகள் விலக்கப்பட்டன. தொழிலாளரின் ஊழியர் சேமலாப நிதியோ குறைந்த வட்டியை ஏற்கவேண்டியிருந்தது; மறுத்திருந்தால் உயர்ந்த வரி செலுத்தவேண்டியிருந்திருக்கும். 2024 சனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமாயிற்று.

வைப்பாளரின் சேமிப்பு காக்கப்படவேண்டியதே. ஆயினும் முதுமைக்கென வைத்த தொழிலாளியின் பணமும் சேமிப்புத்தானே! இலாபம் பெற்ற காலத்தில் பங்கு கேளாத அவனிடம், நட்டத்தில் மட்டும் பங்கு கேட்பது எந்த நீதி?

அன்று உப்பின் வழியாகவும் இன்று மண்ணெண்ணெயின் வழியாகவும் பிணைப்பணம் செலுத்துவோர் மக்களே. பிணை நிற்பவனுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. அவ்வுரிமையை மக்கள் உணருமாறு செய்வதே கற்றோர் கடமை.