பழைய இரும்புக்குப் புதிய மூளை



"உன் தொழிலைப் பத்தி ஏதாவது எழுது. ஆனா புராஜெக்ட் ரிப்போர்ட் மாதிரி இருக்கக் கூடாது" என்று மலர்க் குழுவினர் அன்புக் கட்டளை இட்டுவிட்டார்கள். நான் சோமனூர்க்காரன். நம் கல்லூரியில் மெக்கானிக்கல் முடித்தவன். பழைய மில்லிங் மிஷின், லேத் இவற்றுக்கு சி.என்.சி. பொருத்தித் தருவது என் பிழைப்பு. "புது மிஷின் வாங்க முடியாதவங்க பண்ற வேலைதானேப்பா இது?" என்று சொந்தக்காரர்கள் கேட்பது வழக்கம். அவர்களுக்குச் சரித்திரத்திலேயே ஒரு நல்ல பதில் இருக்கிறது. உலகத்தின் முதல் எண் கட்டுப்பாட்டு மில்லிங் மிஷினே, ஒரு பழைய மிஷினுக்குப் புதிய மூளை வைத்து உருவானதுதான். அந்த மூளையின் வம்சாவளியைத் தேடிப் போனால் ஒரு தறியில் போய் நிற்போம்! தறிச் சத்தத்தில் தூங்கி வளர்ந்த எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைவிடச் சந்தோஷமான செய்தி வேறென்ன வேண்டும்?

தறியின் தலையில் ஒரு பெட்டி

சிறுமுகைப் பக்கம் பட்டுத் தறியைப் பார்த்தவர்களுக்கு ஜக்கார்டு பெட்டி தெரிந்திருக்கும். தறிக்கு மேலே ஒரு பெட்டி. அதிலிருந்து நூல்கள் தொங்கும். சங்கிலி போலக் கோத்த அட்டைகள் ஒவ்வொன்றாகத் திரும்பும். அட்டையில் துளை இருந்தால் அதற்குரிய பாவு இழை மேலே ஏறும். துளை இல்லையென்றால் கீழேயே நிற்கும். பூவும் மாங்காயும் அன்னமும் துணியில் விழுவது இந்தத் துளைகளின் கணக்கில்தான்.

பிரான்ஸ் நாட்டின் லியோன் நகரைச் சேர்ந்த ஜோசப் மரி ஜக்கார்டு 1804இல் இந்த அமைப்பை உருவாக்கினார். அவருக்கு முன்னரே, 1725இல் பசில் பூஷோன் துளையிட்ட காகிதச் சுருளைத் தறியில் பயன்படுத்திப் பார்த்திருந்தார். அவரை அடுத்து வந்த ஃபால்கோன் சுருளுக்குப் பதிலாக அட்டைகளைக் கொண்டுவந்தார். நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஜக்கார்டு அமைப்பு என்பது தனியான ஒரு தறி இல்லை. இருக்கிற தறியின் தலைமேல் ஏற்றி வைக்கும் பெட்டி அது. கீழே சட்டம் பழசு, நாடா பழசு, நெசவாளியும் பழைய ஆள்தான்.

இதே துளை அட்டை முறையை ஹெர்மன் ஹாலரித் என்பவர் 1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பயன்படுத்தினார். அவருடைய கம்பெனி 1911இல் வேறு சில கம்பெனிகளுடன் இணைந்தது. அந்தக் கூட்டு நிறுவனம் 1924இல் ஐ.பி.எம். என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஆக, துளை அட்டை தறியை விட்டு ஆபீசுக்குள் நுழைந்துவிட்டது. அங்கிருந்து பட்டறைக்கு வந்த கதையை இனிப் பார்ப்போம்.

மூன்று பேர் ஓட்டிய மிஷின்

1940களின் பிற்பகுதி. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டரின் சுழல் இறக்கைகளைச் செய்து தரும் கம்பெனியை நடத்திவந்தார். இறக்கையின் வளைவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க டெம்ப்ளேட் வேண்டும். வளைவுக்கு 17 புள்ளிகள்தான் கொடுப்பார்கள். மிச்சத்தை வளைவு ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்து, அறுத்து, அரம் போட்டுச் சரிசெய்ய வேண்டும். அவரிடம் வேலை பார்த்த ஃபிராங்க் ஸ்டூலன் என்ற என்ஜினியர், ஐ.பி.எம். அட்டை மிஷினை வைத்துக் கணக்குப் போட்டு 200 புள்ளிகள் எடுத்துக் கொடுத்தார்.

புள்ளிகள் கிடைத்துவிட்டன. வெட்டுவது எப்படி? ஒருவர் தாளைப் பார்த்து எண்களை வாசிப்பார். இன்னொருவர் நீளவாட்டுக் கைப்பிடியைச் சுற்றுவார். மூன்றாமவர் குறுக்குவாட்டுக் கைப்பிடியைச் சுற்றுவார். ஒவ்வொரு புள்ளியிலும் கட்டர் இறங்கி ஏறும். நம்ம பட்டறைகளில் "வாசி, வாசி... நிறுத்து!" என்று வேலை நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி கண்முன் வரும். வாசிப்பவர் வேலையை அட்டையும், சுற்றுபவர்கள் வேலையை மோட்டாரும் செய்தால் என்ன என்பதுதான் பார்சன்ஸின் யோசனை. அதற்கு அவர் வைத்த பெயர் 'கார்டமாட்டிக்' மில்லிங் மிஷின்.

1949 ஜூன் மாதம் அமெரிக்க விமானப் படை அவருக்கு ஒப்பந்தம் கொடுத்தது. மோட்டார் கட்டுப்பாட்டு வேலைக்கு அவர் எம்.ஐ.டி.யின் சர்வோ ஆய்வகத்தை நாடினார். (நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லைங்க, மாசசூசெட்ஸ்காரர்கள்.) பிற்பாடு எம்.ஐ.டி. விமானப் படையுடன் நேரடியாக ஒப்பந்தம் போட்டுக்கொள்ள, பார்சன்ஸ் ஓரங்கட்டப்பட்டார் என்பது வருத்தமான கிளைக்கதை.

எம்.ஐ.டி.காரர்கள் தங்கள் சோதனைக்குப் புது மிஷின் எதையும் வடிவமைக்கவில்லை. சின்சினாட்டி கம்பெனியின் 'ஹைட்ரோடெல்' என்ற 28 அங்குல மில்லிங் மிஷின் ஒன்றை எடுத்தார்கள். மூன்று அச்சுகளுக்கும் சர்வோ பொருத்தினார்கள். அட்டைக்குப் பதிலாக ஏழு வரிசைத் துளை கொண்ட காகித நாடா வைத்தார்கள். நூற்றுக்கணக்கான வால்வுகளும் ரிலேக்களும் நிறைந்த பீரோ பீரோவான பெட்டிகள் பக்கத்தில் நின்றன. ஒரு மின்துடிப்புக்கு அங்குலத்தில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நகரும். 1952 செப்டம்பரில் அதை வெளியாருக்கு இயக்கிக் காட்டினார்கள். இன்று உலகெங்கும் ஓடும் சி.என்.சி. மிஷின்களுக்கு அதுதான் மூதாதை. அதுவும் ஒரு ஒட்டுச்செடி!

நம் பக்கத்துக் கதை

கோவை வட்டாரத்தின் தொழிலும் இப்படி ஒன்றின் தோளில் இன்னொன்று ஏறி வளர்ந்ததுதான். 1888இல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1926இல் பி.எஸ்.ஜி. தொழிற்கூடம் வந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்து மில்களும் பட்டறைகளும் பெருகின. 1956இல் சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சிக் கழகம் தொடங்கியது. 1962இல் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் பிறந்து நூற்பு மிஷின்கள் செய்தது. அதே நிறுவனம் 1988இல் இயந்திரக் கருவிப் பிரிவைத் தொடங்கி சி.என்.சி. மிஷின் செய்யும் அளவுக்கு வந்தது.

பெங்களூரில் 1953இல் எச்.எம்.டி.யும் 1961இல் பாரத் ஃப்ரிட்ஸ் வெர்னரும் தோன்றின. அந்த இரண்டு கம்பெனிகளின் பழைய மில்லிங் மிஷின்கள் பெரிய தொழிற்சாலைகளில் ஓடி ஓய்ந்து, ஏலத்தில் கைமாறி, எங்கள் ஊர்ப்பக்கத்து லேத் பட்டறைகளுக்கு வந்து சேர்ந்தன. நல்ல வார்ப்பிரும்பு. ஆண்டுக்கணக்கில் கிடந்து உள் இறுக்கம் தணிந்த இரும்பு. இனிமேல் அது வளையாது, திருகாது. என் தொழிலுக்கு அந்த இரும்புதான் மூலதனம்.

இரும்பு வளருமா?

சில ஆண்டுகளுக்கு முன் சோமனூரில் தறிச் சாமான் செய்யும் ஒரு பட்டறையில், எச்.எம்.டி.யின் எஃப்.என்.2 ரக மில்லிங் மிஷின் ஒன்றுக்கு சி.என்.சி. போடும் வேலை கிடைத்தது. அங்கே முப்பது வருஷம் அந்த மிஷினை ஓட்டிய மேஸ்திரி என்னிடம் கேட்டார்: "ஏந்தம்பி, கம்ப்யூட்டர் போட்டா தேஞ்ச இரும்பு வளருமா?"

"வளராதுங்கண்ணா. அதனாலதான் முதல்ல அளந்து பார்த்தரலாங்கறேன்" என்றேன்.

டயல் கேஜ் வைத்துப் பார்த்தோம். கைப்பிடியை எதிர்ப்பக்கம் திருப்பினால், டேபிள் அசைவதற்கு முன் கால் மில்லிமீட்டர் சும்மா சுற்றியது. இதைத்தான் பட்டறையில் 'ப்ளே' என்பார்கள். பழைய ஆக்மி திருகாணியில் இது இயல்பு. கை வேலையில் ஆள் அதை மனசில் கழித்துக்கொண்டு ஓட்டுவான். மோட்டாருக்கு மனசு ஏது? எனவே பால் ஸ்க்ரூ போட்டோம். திருகுக்கும் நட்டுக்கும் நடுவே குண்டுகள் உருளுவதால் ப்ளே ஏறக்குறைய இராது, உராய்வும் குறைவு. ஆனால் அதில் ஒரு சங்கடம். பழைய திருகு பளுவைத் தானே பிடித்து நிறுத்தும். பால் ஸ்க்ரூ பிடிக்காது. கரண்ட் போனால் டேபிள் தன் கனத்திலேயே கீழே இறங்கிவிடும். அதற்காக மோட்டாரில் பிரேக் வைத்தே ஆக வேண்டும்.

அடுத்தது சறுக்குப் பாதை. வேலை எல்லாம் டேபிளின் நடுவிலேயே நடப்பதால் நடுப்பாகம் அதிகம் தேய்ந்திருந்தது. நடுவுக்கு ஏற்ப கிப்பை இறுக்கினால் ஓரத்தில் பிடித்துக்கொள்ளும். ஓரத்துக்கு ஏற்பத் தளர்த்தினால் நடுவில் ஆடும். திருகில் உள்ள சிறு பிழையைக் கன்ட்ரோலர் கணக்குப் போட்டுச் சரிக்கட்டும். சறுக்குப் பாதையின் ஆட்டத்தை எந்தக் கம்ப்யூட்டரும் சரிக்கட்டாது. நீலச் சாயம் தடவி, மேடு தெரிகிற இடத்தைச் சுரண்டி, மறுபடி தடவி மறுபடி சுரண்டி, மேஸ்திரியே உட்கார்ந்து செய்தார். மோட்டாரும் கன்ட்ரோலும் பொருத்த 4 நாள். சுரண்டுவதற்கு 16 நாள்! கட்டுப்பாட்டுக்கு லினக்ஸ் சி.என்.சி.யைப் போட்டோம். 1990களில் அமெரிக்க அரசின் தரநிலை ஆய்வு நிறுவனமான நிஸ்ட் உருவாக்கிப் பொதுவில் விட்டதன் வழியில் வளர்ந்த மென்பொருள் அது. அதற்கு விலை கிடையாது.

அதில் முதலில் வெட்டியது தறியின் டேப்பட். பாவு இழைகளை ஏற்றி இறக்கும் வளைவுச் சக்கரம் அது. நாடா கடக்கும் நேரம் வரை இழைகள் திறந்து நிற்க வேண்டும், பிறகு உதறாமல் இறங்க வேண்டும். வளைவு சரியில்லையென்றால் இழை அறுந்துகொண்டே இருக்கும். முன்பு தகடு டெம்ப்ளேட் வைத்து அரம் போட்ட வேலை. நாங்கள் ஒரு சுற்றுக்கு 360 புள்ளிகள் கொடுத்தோம். இறக்கைக்குப் பார்சன்ஸ் செய்த அதே கணக்கு. தறியில் பிறந்த துளை உலகைச் சுற்றிவிட்டு, தறிச் சக்கரத்தை வெட்ட சோமனூருக்கே வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

தறிக்கும் இதே கேள்வி

இனி மிஷினை விட்டு வெளியே வருவோம். மில்லிங் மிஷினுக்கு மேஸ்திரி கேட்ட கேள்வி, இன்று எங்கள் ஊரில் ஒவ்வொரு சாதாரண விசைத்தறிக்கும் பொருந்துகிறது. தறியைப் புதுப்பிக்கப் பல சாமான்கள் வந்துவிட்டன. பாவு அறுந்தால் நிறுத்துவது, ஊடை அறுந்தால் நிறுத்துவது, பாவைச் சீராக விடுவது, எண்ணெய் கேட்காத நைலான் பாகங்கள், நல்ல பிரேக். அதற்கும் மேலே போனால், நாடாவையே எடுத்துவிட்டு ரேப்பியர் பொருத்தும் கிட். கோனிலிருந்து நேராக ஊடை போகும். தார் சுற்றும் வேலை மிச்சம்.

மத்திய அரசு 2017 ஏப்ரல் 1 அன்று தொடங்கிய 'பவர்டெக்ஸ் இந்தியா' திட்டத்தில், தறியை இருந்த இடத்திலேயே மேம்படுத்தும் பிரிவும் இருந்தது. பொதுப் பிரிவினருக்குச் செலவில் 50 சதவீதம், தாழ்த்தப்பட்டோருக்கு 75, பழங்குடியினருக்கு 90 சதவீதம் என உச்சவரம்புக்கு உட்பட்டு மானியம் தரப்பட்டது.

மிச்சப் பணத்துக்குத் தறிக்காரர் எங்கே போவார்? அவர் பாவு நூலை வாங்கி, கூலிக்கு நெய்து கொடுப்பவர். கூலி உயர்வு கேட்டு 2025 மார்ச்சில் கோவை, திருப்பூர் மாவட்டத் தறிகள் ஒரு மாதம் போல நின்றன. ஏப்ரலில்தான் சோமனூர் ரகத்துக்கு 15 சதவீதம், மற்ற ரகங்களுக்கு 10 சதவீதம் என்று பேசி முடித்தார்கள். கூலி கட்டாதவர்கள் தறியை எடைக்குப் போட்டதையும் ஊரில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். எட்டுத் தறி வைத்திருப்பவருக்குப் புது ரேப்பியர் தறி எட்டாக்கனி. ஏற இருக்கும் ஒரே ஏணி, பழைய தறிக்குக் கிட் போடுவதுதான்.

அந்த ஏணி உளுத்திருக்கக் கூடாது என்பதுதான் என் கவலை. கிராங்க் தண்டின் புஷ் தேய்ந்திருந்தால், ஸ்லே பலகை ஒருபக்கம் தாழ்ந்திருந்தால், இருபுறமிருந்தும் வரும் ரேப்பியர் தலைகள் நடுவில் ஊடையைச் சரியாகக் கைமாற்றாது. கிட் நல்ல கிட்டாக இருந்தும் துணியில் குறை விழும். கடன் மட்டும் நிற்கும். சில தறிகளுக்கு இரும்புக் கடைதான் சரியான இடம். அதையும் கடன் வாங்குவதற்கு முன்பே யாராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும் அல்லவா?

நாம் என்ன செய்யலாம்?

சோமனூரில் சிட்ராவின் விசைத்தறிச் சேவை மையம் இருக்கிறது. அதன் ஆலோசனையோடு நம் சங்கமும் கை கோத்தால் என்ன? என் யோசனை சிறியது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம்மில் நாலைந்து பேர், இரண்டு டயல் கேஜ், ஒரு லெவல், ஒரு நோட்டுப் புத்தகம். சாமான் விற்பவர் பக்கமும் சேராமல், தறிக்காரர் மனம் குளிரவும் சொல்லாமல், உள்ளதை உள்ளபடி அளந்து எழுதிக் கொடுப்போம். ஒரு தறிக்கு ஒரு மணி நேரம் போதும். இந்தத் தறிக்குக் கிட் போடலாம், இதற்கு முதலில் புஷ் மாற்ற வேண்டும், இது வேண்டாம் என்று மூன்றே தீர்ப்பு.

சந்திப்பு நாளன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மெக்கானிக்கல் ஒர்க்‌ஷாப் வாசலில் இருப்பேன். விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுங்கள். ஜவுளித் துறை நண்பர்கள் கட்டாயம் வர வேண்டும், தறியைப் பற்றி எங்களைவிட உங்களுக்குத்தான் அதிகம் தெரியும். டயல் கேஜ் இரண்டும் நான் கொண்டுவருகிறேன்.