பல்லில்லாப் பரம்பரையும் வேலூர்ச் சொந்தங்களும்

1875-ல் வெளியான ஒரு நூலின் இரண்டாம் பதிப்பில் சார்லஸ் டார்வின் சிந்து மாகாணத்து இந்துக் குடும்பம் ஒன்றைப் பற்றி எழுதினார். நான்கு தலைமுறைகளில் பத்து ஆண்களுக்கு இரு தாடைகளிலும் சேர்த்து நான்கு சின்ன முன்பற்கள், எட்டுக் கடைவாய்ப்பற்கள், அவ்வளவுதான். உடம்பில் முடி குறைவு, சீக்கிரமே வழுக்கை, கோடை வந்தால் தோல் வறண்டு தவிப்பு. மகள்களுக்கு ஒன்றுமில்லை, அவர்கள் பெற்ற மகன்களுக்கு மறுபடியும் அதே குறை. மரபணு என்ற சொல்லே பிறக்காத காலம் அது!

பல், நகம், முடி, வியர்வைச் சுரப்பி எல்லாமே கருவின் வெளிப்படலத்திலிருந்து உருவாகின்றன. அந்த வேலையில் பிசகு நேர்ந்தால் இவை சேர்ந்தே கெடும். இந்தப் பிறவிக் குறைகளில், சிந்துக் குடும்பத்தில் கண்ட வகைக்குக் காரணமான மரபணு 1996-ல்தான் பிடிபட்டது. தாய்வழி வரும் அந்த வகைக்குச் சொந்தத்தில் கல்யாணம் செய்ததைக் குறை சொல்ல முடியாது. பல்லையும் நகத்தையும் தாக்கும் இன்னொரு வகை அப்படியல்ல. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுது வந்தால்தான் அது முழுமையாகத் தலைகாட்டும். 2007-ல் அதன் மரபணு தெரியவந்ததே சொந்தத்தில் மணந்த லெபனான் குடும்பங்களில்தான்.

அப்படிச் சொந்தத்தில், மாமன் மகள், அக்காள் மகள் என்று கட்டிக்கொள்வது வேலூரைச் சுற்றிய பழைய வட ஆற்காட்டில் சகஜம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் சுந்தர் ராவும் இன்பராஜும் இதை ஆராய்ந்து 1977-ல் எழுதினார்கள். சொந்தத்தில் மணந்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே கருவுறுதலிலும் கருச்சிதைவிலும் அவர்களுக்குப் பெரிய வேறுபாடு தென்படவில்லை. பலரும் எதிர்பார்த்திராத முடிவு. ஆனால் அரிதான நோய்கள் இப்படிப்பட்ட மொத்தக் கணக்கில் தெரியாது. அவற்றுக்குக் குடும்பம் குடும்பமாக வம்சாவளி வரைந்து பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்க்கும்போது, தோல் பதனிடும் ஊர்களான ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டில் நகத்தை மட்டும் பார்த்துப் பிறவிக் குறை என்று முடிவு சொல்லிவிட முடியாது. தோல் பதனிட ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இருந்த இடத்துக்குக் குரோமியம் வந்த பிறகு, தொழிலாளியின் கையைப் புண்ணாக்கத் தொட்டித் தண்ணீரே போதும். ஆகவே முதல் கேள்வி, நகம் எப்போதிலிருந்து இப்படி என்பது. அடுத்தது, பால்பல் எத்தனை முளைத்தது? பிறகு தாடை எக்ஸ்ரே, தாய்மாமன்களின் பல்வரிசை, முடிந்தால் மரபணுச் சோதனை.

இந்தப் பிறவிக் குறையைக் குணமாக்கும் மருந்து இன்றும் வழக்கத்துக்கு வரவில்லை. சமாளிக்க வழி உண்டு. மூன்று, நான்கு வயதிலேயே பல்செட் வைக்கலாம். தாடை வளர வளர மாற்ற வேண்டும். திருகிப் பொருத்தும் நிரந்தரப் பல் பெரும்பாலும் வளர்ச்சி நின்ற பிறகுதான். நகத்தை ஒட்ட வெட்டினால் எங்கும் சிக்காது. வியர்க்காத குழந்தைக்கோ, பல்லைவிட வேலூரின் மே மாத வெயில் ஆபத்து: ஈரத்துணி, தண்ணீர், நிழல் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், பள்ளி ஆசிரியருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.