இலை வழியே உணவு: தக்காளியும் ஒரு பாதி வாக்கியமும்

செடிகள் வேரின் மூலம் சத்துக்களை உறிஞ்சுகின்றன என்பது நாம் அனைவரும் பள்ளியில் படித்ததே. ஆனால் தக்காளித் தோட்டங்களில் பஞ்சகவ்யம், மீன் அமிலம், கடற்பாசிச் சாறு என்று பலவற்றை இலைகளின் மீது தெளிப்பதைப் பார்க்கிறோம். இலை உணவு உண்ணுமா? உண்டால் எவ்வளவு உண்ணும்? இந்தக் கேள்விக்கு ஏறத்தாழ 180 ஆண்டு கால வரலாறு உண்டு.

1840களில் பிரான்சைச் சேர்ந்த யூசேப் கிரிஸ் என்பவர், வெளிறிப் போன இலைகளில் இரும்பு உப்புக் கரைசலைத் தடவினார். இலைகள் மீண்டும் பச்சையாயின. 1916-ல் ஹவாய்த் தீவுகளில் மேக்ஸ்வெல் ஜான்சன், மஞ்சளித்த அன்னாசிச் செடிகளுக்கு அன்னபேதிக் கரைசலைத் தெளித்து வெற்றி கண்டார். அங்கே மண்ணில் மாங்கனீசு மிகுந்திருந்ததால் செடிக்கு இரும்புச் சத்து கிடைக்கவில்லை. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரும்பு, செடிக்கு மிகச் சிறிய அளவே தேவைப்படும் நுண்சத்து.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அணு ஆய்வு விவசாயத்துக்கும் வந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலக் கல்லூரியில் (இன்று பல்கலைக்கழகம்) எச்.பி.டூக்கி, எஸ்.எச்.விட்வர் ஆகியோர் கதிரியக்கப் பாஸ்பரசை இலைகளில் இட்டு, அது செடிக்குள் எங்கெல்லாம் செல்கிறது என்று கருவிகளால் பின்தொடர்ந்தனர். இலை சத்தை ஏற்கிறது, மற்ற பாகங்களுக்கும் அனுப்புகிறது என்பது ஐயமின்றித் தெரிந்தது.

1954-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் அணுசக்திக் குழு முன் டூக்கி சாட்சியம் அளித்தார். கரையும் வடிவில் இலையில் இட்டால் 95 சதவீதம் வரை செடிக்குப் பயன்படலாம், மண்ணில் இட்டால் சுமார் 10 சதவீதமே பயன்படுகிறது என்றார். ஆனால் இலை வழியாகச் செல்லும் அளவு குறைவு என்பதையும் அவர் சேர்த்தே சொல்லியிருந்தார். பின்னாளில் திரவ உரம் விற்றவர்கள் 95-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டனர்!

சற்றே கணக்குப் போட்டுப் பார்ப்போம். தக்காளிக்கு ஒரு ஹெக்டேருக்கு நூறு கிலோவுக்கு மேல் தழைச்சத்து தேவை. 500 லிட்டர் நீரில் 3 சதவீதம் பஞ்சகவ்யம் கலந்தால், அதில் உள்ள பஞ்சகவ்யம் 15 லிட்டர். அதில் ஒரு சதவீதம் தழைச்சத்து என்று மிகத் தாராளமாக வைத்துக்கொண்டாலும் கிடைப்பது 150 கிராம்தான். பத்து முறை தெளித்தாலும் ஒன்றரை கிலோவைத் தாண்டாது.

அப்படியானால் பஞ்சகவ்யம் வீணா? இல்லை. கொடுமுடி மருத்துவர் கே.நடராஜன் விவசாயிகளிடையே பரப்பிய இக்கரைசலில், செடி வளர்ச்சியைத் தூண்டும் ஆக்சின், ஜிப்ரலின் போன்ற பொருட்களும் நுண்ணுயிர்களும் இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. இராமநாதபுரம் கடலோரத்தில் வளர்க்கப்படும் கப்பாபைகஸ் கடற்பாசியின் சாற்றைத் தக்காளி இலைகளில் தெளித்தபோது விளைச்சலும் தரமும் கூடியதாக, மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 2011-ல் வெளியிட்டனர். ஆக இவை செடிக்குச் சோறு அல்ல, பசியைத் தூண்டும் இஞ்சிச் சாறு போன்றவை.

இலை வழியாக எல்லாக் குறையும் தீராது என்பதற்குத் தக்காளியே சாட்சி. காயின் அடிப்பாகம் கறுத்து அழுகுவது, காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போதாமையால் வருவது. இலையில் தெளித்த சுண்ணாம்புச் சத்து அங்கிருந்து காய்க்கு எளிதில் நகர்வதில்லை. சீரான நீர்ப்பாய்ச்சலே முதல் மருந்து.

பாதி வாக்கியத்தை நம்பித் தொழு உரத்தை நிறுத்தும் விவசாயிக்கு நட்டமே மிஞ்சும். மண்ணுக்கு மக்கிய எரு, இலைக்குத் தெளிப்பு என இரண்டும் சேர்ந்ததே நல்ல இயற்கை விவசாயம். கிரிஸ் முதல் டூக்கி வரையிலான வரலாறு சொல்லும் பாடமும் இதுவே.