மண்ணும் நஞ்சும் மண்புழுவும்

மண்புழுவின் அரும்பணியை 1881-இல் தனி நூலாக எழுதி உலகுக்கு உணர்த்தியவர் சார்லஸ் டார்வின். அடுத்த நான்காண்டுகளில், பிரெஞ்சு அறிஞர் மில்லார்தே திராட்சைக்கொடியின் நோய் தீர்க்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்தோக் கலவையை அறிவித்தார். கொடி பிழைத்தது, ஆண்டுதோறும் தெளித்த செம்போ மண்ணில் தங்கிப் புழுவுக்கு நஞ்சாயிற்று.

ஆயினும், ஒரே அளவு செம்பு எல்லா மண்ணிலும் ஒரே தீங்கு விளைப்பதில்லை. மட்கும் களியும் உலோகத்தைப் பற்றிக்கொள்ளும்; மணலுக்கு அவ்வாற்றல் குறைவு. மண்ணீரில் கரைந்த உலோகமே புழுவின் தோல்வழி எளிதில் உட்புகும். அமிலம் மிகுந்தால் கரைவதும் மிகும். ஆகவேதான் 1984-இல் பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பு, புழுச் சோதனைக்கெனப் பொதுவான செயற்கை மண்ணை வகுத்தது: மணல் 70, வெண்களி 20, பாசிமட்கு 10 விழுக்காடு.

வட சிலாங்கூரில் இவ்விரு வகை மண்ணும் உண்டு. கோல சிலாங்கூர்ப் பகுதியின் சதுப்பு நிலங்களில் மட்கு மிகுதி. அத்தகைய மண் செம்பை இறுகப் பிடிப்பதால் செம்பனைக்கே செப்புப் பற்றாக்குறை நேர்வதுண்டு. சுங்கை சோவை அடுத்த ரவாங்கிலோ, 1894-இல் தம்புசாமிப் பிள்ளையும் லோக் இயூவும் மின்சாரம் புகுத்திய வெள்ளீயச் சுரங்கத் தொழில் வளர்ந்தது. ஈயம் கழுவி ஒதுக்கிய மணலில் மட்கு அரிது. அங்கே சிறிதளவு செம்பும் பெருந்தீங்காகலாம்.

நஞ்சை மட்டும் அளந்து நிலத்திற்குத் தீர்ப்பு எழுதலாகாது. மண்ணையும் அளத்தல் வேண்டும்.