உள் ஒதுக்கீடு

மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவன் என்பது பழைய கேலி. ஒதுங்கு தன்வினை, ஒதுக்கு பிறவினை. அதனோடு ‘ஈடு’ சேர ஒதுக்கீடு. ஊருக்கு ஒதுக்குப்புறமாகத் தள்ளப்பட்டவர்களுக்கு இடம் தரவும் அதே வேர்ச்சொல்தான் வந்து நிற்கிறது, வேடிக்கை!

‘உள்’ பிறகு ஒட்டியது. தமிழ்நாட்டின் 69 சதவீதத்துக்குள்ளேயே 2007இல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, 2009இல் அருந்ததியருக்கு 3. மொத்தம் கூடவில்லை. வன்னியருக்கான 10.5 மட்டும் போதிய தரவு இல்லையென்று 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் விழுந்தது.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டிலுள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியில் இன்னொரு கணக்கும் உண்டு: அரசுப் பள்ளி மாணவர்களுக்கென 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நீட் நுழைவுத் தேர்விலும் தேறியிருக்க வேண்டும்.