பில்லில் ஏறாத நேரம்: ஆரம்ப சுகாதார நிலையமும் மனநல மருத்துவச் செலவும்

அஞ்சுகிராமத்திலிருந்து ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்கு மனநல மாத்திரை வாங்கப் போகும் பெண்ணுக்கு அங்கே பில் கிடையாது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் டிக்கெட்டும் கிடையாது. துணைக்குப் போகும் மகனுக்கு உண்டு. நாகர்கோவிலில் பஸ் மாற வேண்டும், அன்றைய கூலியும் போகும். தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்த 2015-16 தேசிய மனநல ஆய்வு, சிகிச்சைக்கும் பயணத்துக்குமாகக் குடும்பங்கள் மாதம் 1000 முதல் 1500 ரூபாய் வரை செலவழித்ததாகக் கண்டது. இலவச சிகிச்சையின் பில் வீட்டில்தான் எழுதப்படுகிறது.

1956 நவம்பர் 1 வரை இப்பகுதி திருவிதாங்கூரோடும், பின்பு திரு-கொச்சியோடும் இருந்தது. அரசு மனநல மருத்துவமனை என்றால் திருவனந்தபுரத்து ஊளம்பாறைதான். அக்காலத்தில் செலவுக் கணக்கு கட்டிலை வைத்துப் போடப்பட்டது. 1975 வாக்கில் ஹரியானாவின் ராய்ப்பூர் ராணியிலும் பெங்களூரு அருகே சக்கல்வாராவிலும் நடந்த முயற்சிகள், கிராமத்து மருத்துவரும் பணியாளர்களுமே மனநோயைக் கவனிக்க முடியும் என்று காட்டின. அதையொட்டி 1982இல் தேசிய மனநலத் திட்டமும் 1996இல் மாவட்ட மனநலத் திட்டமும் வந்தன. தமிழ்நாட்டில் முதலில் திருச்சி. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்ட பிறகே நாடு திரும்பிப் பார்த்தது.

மாவட்டத் திட்டத்தில் பணம் சம்பளமாக, மருந்தாக, பயிற்சியாக வருகிறது. நோயாளிவாரிப் பில் இல்லை. ஆனால் கணக்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஒவ்வொரு அரசு மருத்துவ நிலையத்துக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்தது. ஒதுக்கிய தொகை ஒரு பக்கம், எடுத்த மருந்தின் விலை மறுபக்கம். அட்டை அட்டையாக மாத்திரை கழிந்துகொண்டே போகும். நேர்மையான ஏற்பாடு, பாராட்டத்தான் வேண்டும். ஆனால் நோயாளியோடு அரைமணி நேரம் உட்கார்ந்து பேசியதை அந்தப் பாஸ்புக்கில் கழிக்க வழியில்லை.

அந்த வழியை அமெரிக்கா உருவாக்கியது. 2002இல் வெளியான இம்பாக்ட் ஆய்வு, குடும்ப மருத்துவர், பராமரிப்பு மேலாளர், பின்னணியில் ஆலோசனை சொல்லும் மனநல மருத்துவர் என்ற மூவர் அணி முதியோரின் மனச்சோர்வைத் தணிப்பதாகக் காட்டியது. அதற்கு முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் தனியே பணம் கொடுக்க 2017 ஆகிவிட்டது. மறுவருடம் 99492, 99493 என்ற நிரந்தர எண்கள் வந்தன: முதல் மாதம் 70 நிமிடம், அடுத்தடுத்த மாதங்களில் 60. பில் போடுவது குடும்ப மருத்துவர். மேலாளரின் தொலைபேசிப் பேச்சும் நிமிடக் கணக்கில் சேரும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஆறுதல் சொல்வது எனக்கு உவப்பில்லைதான். ஆனாலும் அந்தப் பேச்சு கணக்கில் இருக்கிறது.

இங்கே சட்டம் வேறு பக்கம் நடந்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, உடல் நோய்க்கு உள்ளபடியே மன நோய்க்கும் காப்பீடு வேண்டும் என்றது. சமத்துவம்தான். ஆனால் நம் காப்பீடுகள் பெரும்பாலும் ஆளை உள்ளே சேர்த்தால்தான் பணம் தரும். பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் பெரும்பாலோர் கட்டிலில் படுப்பதில்லை. சர்க்கரை நோயின் புறநோயாளிக்குக் கிடைக்காதது இவர்களுக்கும் சரிசமமாகக் கிடைக்காமல் போயிற்று! அதைவிட வருத்தம் 18ஆம் பிரிவில். அத்தியாவசிய மருந்துகளை இலவசமாக வழங்கும் கடமையை அது சமுதாய சுகாதார நிலையத்திலிருந்து மேல்நோக்கி விதிக்கிறது. ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையம் அந்த வரிக்குக் கீழே நின்றுவிட்டது.

ஆனால் அங்கேயே கவனிக்க முடியும்: 2010இல் லான்செட் இதழில் வந்த கோவாவின் மானஸ் ஆய்வில், பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் இருந்த அரசு நிலையங்களில் மனச்சோர்வும் பதற்றமும் உள்ளவர்களுக்குப் பலன் தெளிவாகத் தெரிந்தது. தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட ஆட்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்', ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்தது. மாத்திரை கொடுக்க வரும் பெண் திண்ணையில் உட்கார்ந்து, "ராத்திரி உறக்கம் உண்டா அக்கா?" என்று கேட்டுப் பத்து நிமிடம் கூடுதலாக இருந்தால், அந்தப் பத்து நிமிடத்தை எந்தப் பதிவேட்டில், எந்தக் கட்டத்தில் எழுதுவார்?